கால் மில்லிகிராம் சமாசாரம்

நம் வீடுகளில் தலைவலி மாத்திரைக்கும் ஜுர மாத்திரைக்கும் இருக்கும் சுதந்திரம் வேறு எந்தச் சாமானுக்கும் கிடையாது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும், கைப்பைக்குள் இருக்கும், சுவாமி படத்துக்குப் பின்னாலும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தனுப்புவோம். "ஒன்றில் கேட்காவிட்டால் இன்னொன்று போட்டுக்கொள்ளேன்" என்று கூசாமல் வைத்தியமும் சொல்லி வைப்போம்.

இந்தச் சலுகையை மறந்தும் கொடுக்கக் கூடாத மாத்திரை ஒன்று இருக்கிறது. சின்னஞ்சிறு வெள்ளை வட்டம். டிஜாக்ஸின் என்று பெயர். 'லானாக்ஸின்' என்ற வியாபாரப் பெயரில் அநேகம் வீடுகளில் பழக்கம். சாதாரணமாக நம் ஊரில் விற்கும் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து எவ்வளவு தெரியுமா? கால் மில்லிகிராம். ஒரு கிராம் மருந்தை எடுத்துக்கொண்டால் அதிலிருந்து 4000 மாத்திரைகள் செய்து விடலாம்! மீதியெல்லாம் கையில் பிடிக்க வேண்டுமே என்பதற்காகச் சேர்க்கிற மாவுச் சரக்குதான். 500 மில்லிகிராம் ஜுர மாத்திரை ஒன்றில் இருக்கிற மருந்தின் எடைக்கு டிஜாக்ஸின் மருந்தை எடுத்தால் 2000 மாத்திரைகள் ஆகிவிடும். இத்தனை கொஞ்சத்திலேயே இருதயத்தின் ஓட்டத்தை மாற்றுகிற வஸ்து, கொஞ்சம் கூடினால் சும்மா இருக்குமா?

அதனால் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால் - பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கும் - டாக்டரின் சீட்டில் இல்லாத சில விஷயங்களும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

வாசலில் ஒரு காவல்காரன்

நம் இருதயம் நிமிஷத்துக்கு 70 தடவை அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் லட்சம் தடவைக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மேல் அறையில் ஒரு சிறு மின்சாரக் கட்டளை பிறக்கிறது. அது நடுவிலுள்ள ஒரு வாசல் வழியாகக் கீழ் அறைகளுக்குப் போகிறது. சிலருக்கு மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு வெறுமே நடுங்க ஆரம்பித்து விடுகின்றன. நிமிஷத்துக்கு 350, 400, அதற்கு மேலும்கூட தாறுமாறான கட்டளைகள். வாசல் அத்தனையையும் உள்ளே விடாது என்றாலும், விடுகிற அளவே இருதயத்தை ஓட ஓட விரட்டப் போதும். படபடப்பு, மூச்சு வாங்கல், இரண்டு படி ஏறுவதற்குள் களைப்பு.

நம் நாட்டில் இந்தக் கஷ்டம் கிழவர்களுக்கு மட்டும் வருவதல்ல. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த வாத ஜுரம் இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தால், இருபத்தைந்து முப்பது வயதுப் பெண்களுக்கும் வருகிறது. சில சமயம் முதல் பிரசவத்தின்போதுதான் விஷயமே தெரிய வரும்.

டிஜாக்ஸின் அந்த நடு வாசலில் உள்ள காவல்காரனைக் கொஞ்சம் கண்டிப்பானவனாக ஆக்குகிறது. வருகிற கட்டளைகளில் பலவற்றை அவன் திருப்பி அனுப்பி விடுகிறான், துடிப்பு நிதானப்படுகிறது. கூடவே தளர்ந்துபோன இருதயத் தசைக்குச் சற்று வலுவும் தருகிறது. இப்போது வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. டாக்டர்கள் முதலில் எடுப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். ஆனாலும் அவை மட்டும் போதாதபோதும், அவை ஒத்துக்கொள்ளாதபோதும், இந்தப் பழைய மருந்தைத் தேடித்தான் வருகிறார்கள்.

பெயர் தெரியாத ஒரு கிழவி

பழைய மருந்து என்றா சொன்னேன்? 1775-ஆம் வருஷத்துக் கதை இது. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்று ஒரு டாக்டர். மாணவராக இருந்த நாளில் தாவர சாஸ்திரம் என்றால் அவருக்கு வேப்பங்காய். பிறகு ஸ்டாஃபோர்டில் வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் ஹெலீனா குக்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவள் பூக்களைச் சித்திரமாக வரைகிறவள். அவள் வரைவதற்காகக் காட்டிலும் மேட்டிலும் அலைந்து செடி பறித்து வந்து கொடுத்ததில் டாக்டருக்குத் தாவர சாஸ்திரமும் பிடித்துப் போயிற்று. பெண்ணையும் கல்யாணம் செய்துகொண்டார். 1776-ல் பிரிட்டிஷ் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய புஸ்தகமே எழுதினார். காதல் எந்தப் பாடத்தையும் கற்றுக் கொடுத்துவிடும் போலும்!

நம் கதைக்கு வேண்டியவள் இன்னொருத்தி. ஷ்ராப்ஷயர் பிரதேசத்தில் ஒரு கிழவி, உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிப் போனவர்களுக்கு ஒரு குடும்பக் கஷாயம் கொடுத்துவந்தாள். பெரிய வைத்தியர்கள் கைவிட்ட நோயாளிகளைக்கூட அவள் சில சமயம் எழுப்பி உட்கார வைத்து விடுவாளாம். கஷாயத்தின் ரகசியம் விதரிங்கிடம் அபிப்பிராயத்துக்கு வந்தது. அதில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான் என்று செடிகளைத் தெரிந்த அந்த மனிதர் சட்டென்று கண்டுகொண்டார். ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும் 'ஃபாக்ஸ்குளோவ்' அது. நரியின் கையுறை என்று அர்த்தம். ஜெர்மன்காரர்களுக்கு அந்தப் பூ, தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் உறையைப் போலத் தோன்றியது. அதை வைத்துத்தான் 'டிஜிடாலிஸ்' என்ற லத்தீன் பெயரும் 1542-ல் வந்தது.

விதரிங் உடனே புகழுக்கு ஆசைப்பட்டு ஓடவில்லை. பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலித்தது பலிக்காதது இரண்டையும் எழுதி வைத்து, 1785-ல் புஸ்தகமாகப் போட்டார். அதில் மிகவும் மெச்சத்தக்க பகுதி, மருந்து அதிகமானால் என்ன ஆகும் என்று அவர் எழுதியதுதான். குமட்டல், வாந்தி, பேதி, தலைசுற்றல், பார்க்கிற பொருளெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிவது, நாடி நிமிஷத்துக்கு 35 வரை இறங்கிப் போவது. இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் மருந்தை நிறுத்தி விடுங்கள் என்று அன்றைக்கே எச்சரித்தார். இரண்டு நூற்றாண்டு கழித்து இன்றைய டாக்டர்கள் சொல்லும் பட்டியலும் ஏறக்குறைய இதேதான்.

கிழவியின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஒரு மருந்துக் கம்பெனி தன் விளம்பரப் படத்துக்காக அவளுக்கு ஒரு பெயரைச் சூட்ட, பலரும் அதைச் சரித்திரம் என்றே நம்பி எழுதிவந்தார்கள்!

அந்த நாளில் இலையைக் காயவைத்துப் பொடி செய்து கொடுத்தார்கள். ஒரு செடியின் இலை போல இன்னொன்று இருக்காது. ஒரு சிட்டிகையின் வீரியம் இன்னொரு சிட்டிகைக்கு இராது. 1930-ல் சிட்னி ஸ்மித் என்ற ரசாயன நிபுணர், அதே ஜாதியைச் சேர்ந்த கம்பளி டிஜிடாலிஸ் செடியின் இலையிலிருந்து டிஜாக்ஸினைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார். அதற்குப் பிறகுதான் இத்தனை என்று அளந்து கொடுக்க வழி பிறந்தது. இன்றைக்கும் மருந்துக்கு மூலம் அந்தச் செடிதான்.

"சோத்தைக் கண்டாலே குமட்டுது"

இனி நம் வீட்டுக்கு வருவோம். இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. டிஜாக்ஸின் மாத்திரையும் கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"அத்தை, ரசஞ்சாதமாவது இரண்டு வாய் சாப்பிடுங்களேன்."

"வேண்டாம்மா, சோத்தைக் கண்டாலே குமட்டுது."

பித்தம் என்கிறார் மாமனார். சுக்குக் கஷாயம் வைக்கப்படுகிறது. மறுநாள் வாந்தி. வயசாயிற்று, அஜீரணம் என்கிறாள் நாத்தனார். மூன்றாம் நாள் பாட்டி, நடுப்பகலில், "யாரு அது விளக்குக்குப் பக்கத்திலே மஞ்சளா?" என்று கேட்கிறார். பேரன் சிரிக்கிறான். மாத்திரை மட்டும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. "சாப்பாடுதான் இல்லை, மருந்தாவது போகட்டும்" என்கிற நல்ல எண்ணத்தில்!

அபாயம் இந்த நல்ல எண்ணத்தில்தான் இருக்கிறது. பசியின்மையும் குமட்டலும் எத்தனையோ காரணங்களால் வரும், வாஸ்தவம். ஆனால் டிஜாக்ஸின் சாப்பிடுகிறவருக்கு வந்தால், மருந்து உடம்பில் மிதமிஞ்சித் தங்கிவிட்டதோ என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். வயதானவர்களில் சிலருக்கு வாந்திகூட வராது; வெறுமே சோர்ந்து, பேச்சுத் தடுமாறி, ஆளை மாற்றிச் சொல்வார்கள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

தினமும் அதே ஒரு மாத்திரைதானே, எப்படித் திடீரென்று அதிகமாகும்? நியாயமான கேள்வி. டிஜாக்ஸின் உடம்பை விட்டு வெளியேறும் வழி சிறுநீரகம். அது நன்றாக வேலை செய்கிறவருக்கே, சாப்பிட்ட மருந்தில் பாதி வெளியேற ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரை ஆகும். சிறுநீரகம் தளர்ந்தால் நாலைந்து நாள்கூட ஆகலாம். நேற்றையதும் முந்தாநாளையதும் உள்ளேயே இருக்க, இன்றையது மேலே போய்ச் சேரும். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்ட முற்றம் மாதிரி.

இன்னொரு காரணம் பொட்டாஸியம். இருதயத்தின் உயிரணுக்களில் டிஜாக்ஸினும் பொட்டாஸியமும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகிறவை. பொட்டாஸியம் குறைந்தால் எல்லா நாற்காலியிலும் டிஜாக்ஸின் உட்கார்ந்து விடும். நீர் பிரியும் மாத்திரைகள் பல, நீரோடு பொட்டாஸியத்தையும் வெளியே தள்ளுகின்றன. வாந்தியும் பேதியும் அதே காரியத்தைச் செய்யும். இருமலுக்குச் சப்பும் அதிமதுரமும் நாள்பட்டுச் சாப்பிட்டால் பொட்டாஸியத்தைக் குறைக்கக் கூடியதே. தொண்டைக்கு நல்லது என்று பாட்டியின் வாயில் ஓயாமல் அதிமதுரக் குச்சி இருந்தால் அதையும் டாக்டர் காதில் போட்டு வையுங்கள்.

"அப்படியானால் தினம் இரண்டு இளநீர் கொடுத்து விடட்டுமா? அதில் பொட்டாஸியம் நிறைய என்கிறார்களே" என்று கேட்பீர்கள். அதுவும் அவசரம்தான். இருதய நோய்க்குக் கொடுக்கும் வேறு சில மாத்திரைகள் பொட்டாஸியத்தை உள்ளேயே தக்கவைப்பவை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் அது ரத்தத்தில் ஏறிவிடும். ஏறினாலும் இருதயத்துக்கு ஆகாது. யாருக்கு இளநீர், யாருக்குக் கூடாது என்பதை ஒரு ரத்தப் பரிசோதனைதான் சொல்ல முடியும்.

ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள்

இத்தனைக்கும் செலவில்லாத ஒரு பரிசோதனை உங்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது. மாத்திரை கொடுப்பதற்கு முன் நாடி பார்ப்பது. ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, மணிக்கட்டில் கட்டை விரலுக்கு நேர் கீழே உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். உங்கள் கட்டை விரலால் பார்க்க வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டாகையால் யார் நாடியை எண்ணுகிறோம் என்று குழம்பும். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிற சாமர்த்தியம் இங்கே உதவாது. தாளம் தப்பி அடிக்கிற நாடியல்லவா?

பெரியவர்களுக்கு எண்ணிக்கை 60-க்குக் கீழே இருந்தால் அந்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டரைக் கேட்பது என்பது பொது வழக்கம். உங்கள் வீட்டு நோயாளிக்கு டாக்டர் வேறு எண் சொல்லியிருக்கலாம், அதையே பின்பற்றுங்கள். வழக்கத்துக்கு விரோதமாக வேகமாகவோ, விட்டு விட்டோ அடித்தாலும் சொல்ல வேண்டும். மாதக் காலண்டரில் தேதிக் கட்டத்துக்குள்ளேயே எண்ணைக் குறித்து வைத்தால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

காலண்டருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நம் ஊரில் பல டாக்டர்கள் இந்த மாத்திரையை வாரத்தில் ஐந்து நாள் கொடுத்து இரண்டு நாள் நிறுத்தச் சொல்லுவார்கள். சீட்டில் '5/7' என்று கிறுக்கியிருக்கும். வீட்டு அம்மாளுக்கு அது மனப்பாடம். அவள் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போன வாரத்தில்தான் வினை! பிள்ளை பொறுப்பாக ஏழு நாளும் கொடுத்துவிடுவான். அல்லது சனிக்கிழமை விட்டதாக நினைத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டாகக் கொடுப்பான். ஒரு வேளை மறந்து போனால், சில மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் கொடுக்கலாம். மறுநாள் வேளை நெருங்கி விட்டால் விட்டது விட்டதுதான். சேர்த்து இரண்டாகக் கொடுக்கவே கூடாது. அதேபோல, உடம்பு தேவலை என்று தாமாக நிறுத்துவதும் தப்பு. வாசல் காவல்காரன் லீவில் போனால் பழைய ஓட்டம் திரும்பி விடும்.

அட்டையில் உள்ள எழுத்தையும் ஒரு முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து விடுங்கள். 0.25 மில்லிகிராம் என்றாலும் 250 மைக்ரோகிராம் என்றாலும் ஒன்றே. 0.125 மில்லிகிராமும் 125 மைக்ரோகிராமும் ஒன்றே. புள்ளியைக் கண்டு சின்னது என்றும், 250-ஐக் கண்டு பெரியது என்றும் மயங்கினால் பாதி வேண்டியவருக்கு முழுதும், முழுதும் வேண்டியவருக்குப் பாதியும் போய்ச் சேரும். குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இந்த அட்டை இருக்கவே கூடாது. சின்னக் குழந்தைக்குச் சில மாத்திரைகளே ஆபத்து.

வேறு வியாதிக்கு வேறு டாக்டரிடம் போகும்போது, "டிஜாக்ஸின் சாப்பிடுகிறார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கிற எரித்ரோமைஸின், கிளாரித்ரோமைஸின் போன்றவையும், இருதயத்துக்கே கொடுக்கிற அமியோடரோன், வெராபமில் ஆகியவையும் ரத்தத்தில் டிஜாக்ஸின் அளவை உயர்த்தி விடக் கூடியவை. அமியோடரோனைச் சேர்க்கும்போது டிஜாக்ஸினைப் பாதியாகக் குறைப்பது டாக்டர்களின் வழக்கம். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்தோ இதற்கு நேர்மாறு. டிஜாக்ஸின் உடம்பில் சேர்வதையே குறைத்து விடும். ரத்தத்தில் அளவு பார்க்கச் சொன்னால், மாத்திரை சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேரே லாபரட்டரிக்குப் போனால் கணக்கு ஏறியே காட்டும்.

பெண்களுக்கு ஒரு தனிக் கணக்கு

இந்த மருந்து ஆயுளைக் கூட்டுகிறதா என்று 200 வருஷமாக யாரும் சரிவரச் சோதித்துப் பார்க்கவில்லை என்றால் ஆச்சரியமாக இல்லையா? அமெரிக்காவிலும் கனடாவிலும் இருதயத் தளர்ச்சி உள்ள 6800 பேரை வைத்து நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 1997-ல் வந்தது. மருந்து ஆயுளைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கிற தடவைகளைக் குறைத்தது. 2002-ல் சிலர் அதே கணக்கை எடுத்து ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்தார்கள். 6800 பேரில் பெண்கள் 1519 பேர்தான். டிஜாக்ஸின் சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கு 33 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கு 29 பேர். ஆண்களிடம் அப்படி வித்தியாசமில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைச் சாக்கடையில் போட்டு விடாதீர்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள், ரத்தத்தில் மருந்து குறைவாக இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள், அதிகம் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து என்று கண்டார்கள். ஆகையால் இப்போது இருதயத் தளர்ச்சிக்கு முன்னைவிடக் குறைந்த அளவே கொடுக்கிறார்கள். மெலிந்த உடம்பு, வயது, தளர்ந்த சிறுநீரகம் மூன்றும் சேர்ந்த ஒரு பாட்டிக்கு அரை மாத்திரை எழுதினால், "டாக்டர் கஞ்சத்தனம் பண்ணுகிறார்" என்று எண்ண வேண்டாம். அதே சமயம், பத்து வருஷத்துக்கு முந்தின சீட்டை வைத்துக்கொண்டே கடையில் வாங்கிக் கொடுத்துக் கொண்டிருந்தால், அந்தச் சீட்டு எழுதிய நாளில் இருந்த சிறுநீரகம் இன்றும் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.

மிஞ்சிப் போய்விட்டால் மாற்று மருந்து உண்டா? உண்டு. செம்மறி ஆட்டின் உடம்பில் டிஜாக்ஸினுக்கு எதிரான சத்தை உண்டாக்கி, அதைப் பிரித்து ஊசியாகப் போடுகிறார்கள். 1976-ல் அமெரிக்காவில் முதல் தடவையாக ஒரு நோயாளியிடம் பலித்தது. நம் தோட்டத்து மஞ்சள் அரளியின் விஷமும் டிஜாக்ஸினுக்குப் பங்காளி முறைதான். அதனால் அந்த விஷத்துக்கும் இதே ஊசியை இலங்கையில் போட்டுச் சோதித்தார்கள். கெட்டுப்போன இருதயத் துடிப்பு சீர்ப்பட்டதென்று 2000-ல் வெளியிட்டார்கள். பூஜைக்குப் பறிக்கிற அரளியை மருந்தென்று யாராவது அரைத்துக் கொடுக்க வந்தால் வாசலோடு அனுப்பி விடுங்கள்.

இந்த ஊசி எல்லா ஊரிலும் கைக்கெட்டுகிற சரக்கல்ல, விலையும் ஜாஸ்தி. ஆகவே மயக்கம், மிக மெதுவான நாடி, நிற்காத வாந்தி என்று ஏதாவது கண்டால் வீட்டில் மோர் கொடுத்துப் பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். புறப்படும் அவசரத்தில் மாற்றுப் புடைவையை மறந்தாலும் மாத்திரை அட்டைகளையும் அந்தக் காலண்டர் தாளையும் மறக்க வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை மைக்ரோகிராம், கடைசியாகக் கொடுத்தது எத்தனை மணிக்கு என்றுதான் அங்கே உங்களை முதலில் கேட்பார்கள்.